தூக்கு என்று தீர்ப்பு வந்த பிறகு

2019இல் சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டில், எங்கள் ஆத்தாவை (அம்மாவை) கொன்றவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வாசித்தபோது எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, ஆத்தா படத்துக்கு விளக்கேற்றினேன். பினாங்கிலிருந்து அண்ணன் போன் செய்து, "எப்ப போடுவாங்க?" என்றான். ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதன்பிறகு நான்கு வருஷம் போனது.

ஆத்தா தனியாகத்தான் இருந்தார்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் வீடு. எங்கள் ஊர்களில் இப்படி எத்தனையோ வீடுகளில் வயதானவர் ஒருவர் மட்டும்தான் விளக்கேற்றிக்கொண்டு இருக்கிறார். 2014இல் வெள்ளையடிக்க வந்த ஆள், கழுத்தில் கிடந்த ரெட்டைவடச் சங்கிலிக்காக வீட்டின் இரண்டாம் கட்டில் வைத்துக் கொன்றான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

தீர்ப்புக்கு அடுத்த வாரம் அரசு வக்கீலைப் பார்க்கப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. செஷன்ஸ் கோர்ட் தூக்கு கொடுத்தால் அது அப்படியே நிற்காது. அவன் அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும் கேஸ் தானாகவே ஹைகோர்ட்டுக்குப் போகும், அங்கே இரண்டு நீதிபதிகளாவது உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 366ஆம் பிரிவு, இப்போதைய புதிய சட்டத்தில் 407. அதுவரை அப்பீல் என்றாலே இழுத்தடிக்கிற வேலை என்று நினைத்து, அவனுக்காக வாதாடிய இலவச சட்ட உதவி வக்கீல் மேல் அப்படி ஒரு கோபத்தில் இருந்தேன்.

ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போக மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரை போக வேண்டாம். மேலூர், ஒத்தக்கடை தாண்டியதும் ஹைகோர்ட் வாசலிலேயே இறங்கிவிடலாம். முதல் மூன்று தடவை கேஸ் எடுக்கவே இல்லை, மாலையில் அதே ரோட்டில் பஸ் பிடித்துத் திரும்பினேன். நான்காவது தடவை எடுத்தார்கள். தண்டனையைப் பற்றி மட்டும் பேசுவார்கள் என்று நினைத்தேன், அப்படி இல்லை, எல்லாச் சாட்சியத்தையும் முதலிலிருந்து பார்த்தார்கள். நான் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. "சங்கிலி உங்க அம்மாவுடையதுன்னு எப்படித் தெரியும்" என்று கீழ்க் கோர்ட்டில் கேட்டதற்கு, கொக்கி தளர்ந்துபோய் ஆத்தா அதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தார்கள், நான்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வரியை ஒரு நீதிபதி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒருவன் உயிரை எடுக்கப் போகிறவர்கள் ஒரு நூலைக்கூட இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இழுத்தடிக்கிறார்கள் என்ற எண்ணம் அதோடு போனது.

நடுவில் கொரோனா வந்து விசாரணை வீடியோவுக்கு மாறி, 2021இல்தான் உறுதி செய்தார்கள். அவன் டெல்லிக்கு அப்பீல் போனான், சுப்ரீம் கோர்ட் தண்டனையை நிறுத்தி வைத்தது. அரிதிலும் அரிதான வழக்கில்தான் தூக்கு என்பது 1980இல் பச்சன் சிங் வழக்கில் சொன்னது. 2022இல் மனோஜ் வழக்குக்குப் பிறகு குற்றவாளியின் குடும்பம், சிறையில் அவன் நடத்தை, மனநிலை எல்லாவற்றுக்கும் அறிக்கை கேட்கிறார்கள். 2023இல் தூக்கை மாற்றி, 30 வருஷம் தண்டனைக் குறைப்பே இல்லாத சிறை என்றார்கள். தீர்ப்பில் அவன் மகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, அவன் உள்ளே போனபோது அவள் ஐந்தாவது படித்தாளாம். அதை வாசித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அண்ணனுக்கு இன்றைக்கும் அந்தத் தீர்ப்பு ஆறவில்லை, அவன் வருத்தத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

தூக்கு நிலைத்திருந்தால் இன்னும் போயிருக்கும். சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு (2014இலிருந்து மரண தண்டனை வழக்கில் மூன்று நீதிபதிகள் திறந்த கோர்ட்டில் கேட்க வேண்டும்), அதுவும் தள்ளுபடியானால் அங்கேயே கடைசியாகப் போடும் கியூரேட்டிவ் மனு, கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் கருணை மனு. அந்தக் கருணை மனுவில் காரணமில்லாமல் ரொம்பத் தாமதம் செய்தால் அதற்காகவே தண்டனையைக் குறைக்கலாம் என்று 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

இவ்வளவு காலம் ஆனதில் எனக்கு இப்போது கோபம் இல்லை. யாரும் சொல்லாததில்தான் கோபம். கேஸ் எங்கள் பெயரில் கிடையாது, வழக்கு நடத்தும் தரப்பு அரசுதான். கடைசித் தீர்ப்பையே வாட்ஸப்பில் யாரோ அனுப்பித்தான் பார்த்தேன். இந்த நிலையில் இருப்பவர்கள் முதல் நாளே சி.என்.ஆர். நம்பரை, அதாவது கேஸுக்கென்று கோர்ட் கொடுக்கும் தனி அடையாள நம்பரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும். கோர்ட்டுகளின் இ-கோர்ட்ஸ் மொபைல் ஆப்பில் போட்டால் கீழ்க் கோர்ட், ஹைகோர்ட் வாய்தா தெரியும். அரசு வக்கீல் மாறினால் புது ஆளை நீங்களே போய்ப் பாருங்கள்.

சங்கிலி இன்னும் சான்றுப் பொருளாகச் சிவகங்கையில்தான் இருக்கிறது. திரும்பக் கேட்டு மனு போட்டிருக்கிறோம், அடுத்த மாதம் வாய்தா. அண்ணனால் வர முடியாது, நான்தான் போகிறேன்.