நூற்றுப் பன்னிரண்டு கேப்சூல்கள்

"உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கிறதா? தூக்கம் மட்டும் சரியில்லையா?" என்று கேட்ட துண்டுச்சீட்டு, தை மாதக் கடைசியில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் வேதியியல் ஆசிரியை. கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் தூக்கத்துக்கான சத்துத் துணைப்பொருள் ஒன்றைச் சோதிக்கிறார்கள், ஆள் தேவை என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். அவர் தைராய்டு மாத்திரை சாப்பிடுவதால் முதல் பக்கத்திலேயே கழித்துவிட்டார்கள். எனக்கு 44 வயது, மாத்திரை எதுவும் கிடையாது. இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, மறுநாள் வகுப்பில் நடத்த வேண்டிய தொகையிடல் கணக்கை மனத்துக்குள் நடத்திக்கொண்டிருப்பதைத் தவிர வேறு குறையும் இல்லை.

ஆய்வுக்குத் தேவைப்பட்டது அப்படிப்பட்ட ஆள்தான். தூக்கம் கெட்டிருக்க வேண்டும், ஆனால் தூக்கமின்மை நோய் என்று சொல்லும் அளவுக்குக் கெட்டிருக்கக் கூடாது. ஏன் இந்த நடுவாந்தரம் என்று முதல் நாளே கேட்டேன். இந்தியாவில் இத்தகைய துணைப்பொருள்கள் மருந்துச் சட்டத்தில் வராமல் உணவுச் சட்டத்தில் வருகின்றன. நோயைக் குணப்படுத்தும் என்று டப்பாவில் அச்சிட முடியாது, நல்ல தூக்கத்துக்கு உதவும் என்ற அளவில்தான் சொல்லலாம். அதனால் நோயில்லாதவர்களிடம் சோதிக்கிறார்கள். மருந்துக்கடை அலமாரியில் இத்தனை காலம் பார்த்த டப்பாக்களின் வாசகம் ஏன் அவ்வளவு வழவழவென்று இருக்கிறது என்பது அன்றுதான் விளங்கியது.

ஒப்புதல் படிவம் 14 பக்கம். தமிழில்தான் இருந்தது, ஆனால் நீதிமன்றத் தமிழ். ஒருங்கிணைப்பாளர் ஓர் இளம்பெண். பக்கம் பக்கமாக வாசித்து, "புரிந்ததா டீச்சர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். கேப்சூலில் இருப்பது அமுக்கரா (அஸ்வகந்தா) வேர்ச் சாறு, 300 மில்லிகிராம், காலையும் இரவும், எட்டு வாரம். பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்த மருந்துப்போலி. யாருக்கு எது என்பது எங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற அவருக்கும் தெரியாது. காரணம் சொல்லாமல் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம். வயிற்றுப் பொருமல், பகலில் மந்தம், அரிதாகக் கல்லீரல் பாதிப்பு ஏற்படலாம் என்று எழுதியிருந்தது. நாட்டு மருந்துதானே, இதில் என்ன கெடுதல் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தவள் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். டென்மார்க் 2023-ல் இந்த வேரை உணவுத் துணைப்பொருள்களில் சேர்க்கத் தடை விதித்தது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும்.

பதிவு எண்ணும் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். 2007 முதல் இருக்கிற பதிவேடு, யாரும் பார்க்கலாம். எத்தனை பேர், எத்தனை வாரம், கடைசியில் எந்த அளவீட்டை வைத்துத் தீர்ப்பு என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடித்தது. விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு வினாத்தாள் தயாரித்தால் எல்லோரும் நூற்றுக்கு நூறுதான்.

பிறகு கேள்வித்தாள்கள். பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணை என்று ஒன்று. 1989-ல் உருவானது, 19 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். இதில் அதிகம் வாங்கினால் மோசம். ஐந்தைத் தாண்டினாலே தூக்கம் சரியில்லை என்று பொருள். நான் ஒன்பது வாங்கினேன். பக்கத்தில் படுப்பவருக்கும் ஐந்து கேள்விகள் உண்டு, அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குறட்டை விடும் என் கணவர், மனைவி குறட்டை விடுகிறாரா என்ற கேள்விக்கு, வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ என்று அமைதியாகக் குறியிட்டார். எப்வொர்த் என்ற இன்னொரு தாள், எட்டுச் சூழல்களில் கண்ணயர்ந்துவிட எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டது. மதியம் மது அருந்தாமல் சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது என்பது அதில் ஒரு சூழல். மதியம் ஐந்தாவது பீரியடில் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவின் கடைசி பெஞ்சுக்கு இந்தத் தாளைக் கொடுத்தால் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின். கூடவே கர்ப்பப் பரிசோதனை. மகள் கல்லூரியில் படிக்கும் வயதில் அந்தச் சின்னக் குப்பியை நீட்டியபோது கூச்சமாக இருந்தது. ஒருங்கிணைப்பாளர் அதைவிடக் கூச்சப்பட்டார்.

முதல் இரண்டு வாரம் கேப்சூலே கிடையாது. மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கடிகாரம். அதில் மணி பார்க்க முடியாது, அசைவை மட்டும் பதிவு செய்யும். காலையில் எழுந்ததும் ஒரு நோட்டில் எழுத வேண்டும்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் விழித்த முறை, எழுந்த நேரம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காபி கூடாது. "மற்றபடி உங்கள் பழக்கம் எதையும் மாற்றாதீர்கள்" என்றார்கள். மாலை ஐந்து மணிக் காபியைப் பிடுங்கிக்கொண்டு பழக்கத்தை மாற்றாதே என்றால் எப்படி? காபியில் உள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகுமாம். இருபது ஆண்டுகளாக அரை டம்ளர் காபியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் தலையணையில் தலை வைத்திருக்கிறேன்.

நோட்டு எழுதத் தொடங்கிய நாலாம் நாளே என் கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. தூக்கத் திறன் என்று ஒரு விகிதம்: தூங்கிய நேரத்தைப் படுக்கையில் கிடந்த நேரத்தால் வகுக்க வேண்டும். நான் ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறேன், எட்டு மணி நேரம். தூங்குவது ஆறு. திறன் 75 சதவீதம். பத்தே முக்காலுக்குப் படுத்து அதே ஆறு மணி நேரம் தூங்கினால் 89. தூக்கம் வராது என்ற பயத்தில் சீக்கிரமாகப் போய்ப் படுத்து, அங்கே கிடந்து அந்தப் பயத்தை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் சொல்லாமலே, பழக்கத்தை மாற்றக் கூடாது என்ற விதியையும் மீறி, படுக்கும் நேரம் மெல்லத் தள்ளிப்போனது. அதையும் நோட்டில் ஒளிக்காமல் எழுதினேன்.

கடிகாரத்தோடு எனக்குச் சண்டை. மூன்று மணிக்கு விழித்தால் நான் புரளமாட்டேன். கணவர் எழுந்துவிடுவார் என்று கட்டையாகக் கிடப்பேன். அசையாமல் கிடப்பவர் தூங்குகிறார் என்பது கடிகாரத்தின் கணக்கு. நோட்டில் ஒரு மணி நேரம் விழித்திருந்ததாக எழுதிய இரவில் அது பதினெட்டு நிமிடம் என்றது. இந்தக் குறை ஏற்கெனவே தெரிந்ததுதான், அதனால்தான் இரண்டையும் சேர்த்து வாங்குகிறோம் என்று ஒருங்கிணைப்பாளர் சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

மூன்றாம் வாரம் கேப்சூல் வந்தது. இரண்டு புட்டி, புட்டிக்கு 60. மூடியைத் திறந்ததும் ஒரு வாசம். அமுக்கராவின் வடமொழிப் பெயரான அஸ்வகந்தாவில் குதிரை வாசம் என்ற பொருள் இருக்கிறது. தாவரவியல் பெயரின் பின்பாதியான சோம்னிஃபெரா தூக்கம் தருவதைக் குறிக்கிறது. பழனியிலிருந்து வந்திருந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இது அமுக்கராதான் கண்ணு, உன் பாட்டி பாலில் போட்டுக் குடித்தது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தெரியக் கூடாது என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு, அம்மாவின் மூக்கு ஒரே நொடியில் உடைத்துவிட்டதே! அடுத்த முறை போனபோது மறைக்காமல் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தில் குறித்துக்கொண்டு, "மருந்துப்போலிப் புட்டியிலும் அதே வாசம் வரும்படி செய்வது உண்டு டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அம்மாவிடம் இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளமாட்டார். ஒரு கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். பிரிக்கவில்லை.

எட்டு வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பங்குனித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி மூன்று இரவு விடிய விடிய. ஒரு சளிக்காய்ச்சல்; அதற்குப் போட்ட பாராசிட்டமாலைக்கூடத் தேதி, வேளையோடு தெரிவிக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம். அந்த வாரம் எந்த வேரும் எந்த மாவும் என்னைக் காப்பாற்றவில்லை.

கடைசி நாள் மிச்ச கேப்சூல்களை ஒரு தட்டில் கொட்டி எண்ணினார்கள். 120-ல் 112 தீர்ந்து எட்டு மீந்திருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தது. காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் விட்டவை. முந்தைய இரவு அந்த ஐந்தையும் குப்பையில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நூற்றியேழு என்றால் 95 சதவீதத்துக்கு மேல், தாராளமாகப் போதும் என்றார்கள். பிட்ஸ்பர்க் மதிப்பெண் ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கியிருந்தது.

இதைக் கேட்டதும் ஆசிரியர் அறையில் எல்லோரும், என்ன பெயர், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். அவர்களுக்காக என் நோட்டின் நகலை விரித்துவைத்துக் கரும்பலகையில் போட்டேன். படுத்த பிறகு தூக்கம் வர ஆன சராசரி நேரம் முதல் வாரம் 48 நிமிடம். இரண்டாம் வாரம் 34. கடைசி வாரங்களில், முகாம் வாரத்தை விட்டுவிட்டால், 28. மொத்தம் குறைந்தது இருபது நிமிடம், அதில் பதினான்கு கேப்சூல் கைக்கு வருவதற்கு முன்பே குறைந்துவிட்டது. அந்தப் பதினான்கும் காபியை விட்டதாலா, தாமதமாகப் படுத்ததாலா, தினமும் எழுதியதாலா? அல்லது எதனாலும் இல்லையா? முதல் தேர்வில் படுமோசமாக எழுதிய பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்தால், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்களின் சராசரி ஏறும். தூக்கம் கெட்டிருந்த மாதத்தில்தானே என்னையும் பொறுக்கியெடுத்தார்கள்.

மிச்சமிருக்கிற ஆறு நிமிடத்துக்கும் இதே சந்தேகம் உண்டு. 2020-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள 150 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தினம் 120 மில்லிகிராம் அமுக்கராச் சாறு ஆறு வாரம் கொடுத்தார்கள். தூக்கத்தின் தரம் 72 சதவீதம் கூடியதாக அதைச் சாப்பிட்டவர்களே மதிப்பிட்டார்கள். மருந்துப்போலி சாப்பிட்டவர்களும் 29 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். வேரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள், எனக்கு இரண்டாவது எண்தான் பிடித்திருக்கிறது. ஒன்றுமில்லாத கேப்சூலைச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. என் ஒருத்தியின் நோட்டை வைத்து நான் எந்தப் பக்கம் என்று எனக்கே சொல்ல முடியாது. வேதியியல் ஆசிரியைக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. கணக்கு வாத்தியார்களே இப்படித்தான் என்று டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கல்லூரியில் கடைசியாக ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நீங்கள் சாப்பிட்டது எது என்று நினைக்கிறீர்கள்: அமுக்கராவா, மருந்துப்போலியா, தெரியவில்லையா? இருபது ஆண்டு ஆசிரியர் வாழ்க்கையில் தெரியவில்லை என்று எந்தத் தாளிலும் நான் எழுதியதில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூன்றாவது கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தேன். உறை ஒட்டப்பட்டது. கடைசி ஆள் முடித்த பிறகுதான் யாருக்கு எது என்ற பட்டியலைத் திறப்பார்களாம், ஆடி ஆகிவிடும் என்றார்கள். அன்று மாலை வெளியே வந்ததும் எதிர்க் கடையில் ஒரு ஸ்ட்ராங் காபி குடித்தேன். மணி ஐந்தேகால்.