பரிசோதகரின் அறிக்கைக்குப் பதில் எழுதிய கதை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருடைய கையில் நல்ல சரக்கு இருக்கிறது. வாகன மின்னணுவியலில் வருடக்கணக்கில் ஊறியவர்கள். காப்புரிமை என்று பேச்செடுத்தால் மட்டும், "அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் அண்ணே" என்று நழுவிவிடுகிறார்கள். எங்களுடையது சின்ன நிறுவனம்தான். நானும் ஒரு கூட்டாளியும். வயதில் மூத்தவர் என்பதால் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். பேருந்துக்கான ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மலேசியக் காப்புரிமை வாங்கினோம். விண்ணப்பம் போடுவதில் பெரிய சிரமம் இல்லை. அதற்குப் பிறகு காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகரோடு நடக்கும் வாதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதை விரிவாக எழுதுகிறேன், மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெட்டி. இன்றைய வாகனங்களில் இசியூ எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் டஜன் கணக்கில் உண்டு. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, விளக்கு, வைப்பர், கதவுக்கு ஒன்று. எல்லாம் கேன் பஸ் என்ற பொதுத் தடத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். விளக்கு-வைப்பர் பெட்டி செத்தால் அந்த வேலைகளும் அதோடு போயிற்று. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ராத்திரி மழையில் எக்ஸ்பிரஸ் பேருந்துக்கு அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெடுந்தூரப் பேருந்தில் மாற்று ஓட்டுநர் கூடவே வருவதுபோல, மாற்றுப் பெட்டி ஒன்று இருந்தால் என்ன என்பதுதான் எங்கள் யோசனை. சாதாரண நேரத்தில் அது பயணிகள் பக்கத்து அலங்கார விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும். முக்கியமான பெட்டி ஒன்று மௌனமானால், தன்னுள் இருக்கும் எஃப்பிஜிஏ சில்லில் (உள்சுற்றை வேண்டியபோது மாற்றி எழுதக்கூடிய சில்லு அது) வேறு சுற்றை ஏற்றிக்கொண்டு அந்த வேலைக்கு மாறிவிடும்.

இதைக் கேட்டதும் எல்லோரும் "பிரமாதம்" என்பார்கள். காப்புரிமைக்கு அந்தப் பிரமாதம் போதாது. எஃப்பிஜிஏ கடைக்கு வந்தது 1985-இல். கேன் பஸ்ஸை போஷ் நிறுவனம் டெட்ராய்ட் மாநாட்டில் அறிமுகப்படுத்தியது 1986-இல். இரண்டையும் சேர்த்து எத்தனையோ பேர் யோசித்திருப்பார்கள். எஸ்பாஸ்நெட், பேடன்ட்ஸ்கோப் என்ற காப்புரிமைத் தேடல் தளங்களில் தேடிப் பார்த்தோம். வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் கடல்போல் வந்து கொட்டும். வகைப்பாட்டுக் குறியீட்டோடு தேடினால்தான் உருப்படும்: வாகனத்துக்குள் சிக்னல் போக்குவரத்துக்கு பி60ஆர் 16/023, கேன் பஸ் போன்ற தடப் பிணையத்துக்கு எச்04எல் 12/40, நிரல் ஏற்றுவதற்கு ஜி06எஃப் 9/445. இந்த மூன்றையும் கலந்து தேடியதில் எங்களுடையதற்கு நெருக்கமான ஜப்பானிய ஆவணங்கள் வரிசையாக வந்தன. அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

மலேசியாவில் இருப்பவர் ஏஜண்ட் இல்லாமல் தானே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவருக்குத்தான் ஏஜண்ட் கட்டாயம். இருந்தும் கோலாலம்பூரில் ஓர் ஏஜண்டைப் பிடித்தோம். தமிழ்ப் பெண்மணி, மின்னணுவியல் படித்தவர். அவர் எங்களிடம் முதலில் கேட்டது கண்டுபிடிப்பைப் பற்றியே இல்லை. "வேற யாருக்காவது காட்டினீங்களா? வெளிநாட்டுல யாராவது முதல்ல ஃபைல் பண்ணச் சொன்னாங்களா? இதைச் செஞ்சப்போ யார்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு இருந்தீங்க?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம், எழுத உட்கார மாட்டேன் என்றார்.

மூன்றுமே எங்களுக்குப் பொருந்தி வந்தன. ஜெர்மனியில் இருந்த ஒரு வாடிக்கையாளர், நேராக அங்கேயே விண்ணப்பம் போடலாம், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆசை காட்டியிருந்தார். 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 23ஏ பிரிவுப்படி, மலேசியாவில் வசிப்பவர் முதலில் இங்கே விண்ணப்பித்து, குறைந்தது இரண்டு மாதம் கழித்துத்தான் வெளிநாட்டில் போட முடியும். அவசரமென்றால் பதிவாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். மீறினால் அது குற்றம், சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம். வெளிநாட்டு நிறுவனங்களோடு வேலை செய்யும் பினாங்கு ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது என் கணிப்பு.

அடுத்து, அண்ணன் ஒரு கண்காட்சியில் பெட்டியை ஓட்டிக் காட்ட நாள் குறித்திருந்தார். இங்கே ஒரு வருடச் சலுகை உண்டு; விண்ணப்பத்துக்கு முந்தைய ஓர் ஆண்டுக்குள் நாமே வெளியிட்டது நமக்கு எதிராக நிற்காது. ஐரோப்பாவில் அந்தத் தயவு கிடையாது. விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை பெட்டி மூட்டைக்குள்ளேயே இருந்தது. அண்ணன் கண்காட்சிக்கு வெறும் அட்டைப் படத்தோடு போய் வந்தார், அதுவும் முனகிக்கொண்டே.

சம்பளக் கேள்வி எனக்கு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, வேலைக்காகச் செய்த கண்டுபிடிப்பு முதலாளிக்கே சேரும் என்கிறது 20-ஆம் பிரிவு. நான் பழைய இடத்தை விட்டு வந்த பிறகுதான் இந்த யோசனையே பிறந்தது, குறிப்பேட்டில் தேதியோடு இருந்தது. அதனால் பிரச்சினை எழவில்லை. ஆனால் பயிற்சிக்கு வந்த ஒரு பல்கலைக்கழக மாணவி சுற்றுவடிவமைப்பில் முக்கியமான ஒரு துண்டைச் செய்திருந்தாள். அவளையும் கண்டுபிடிப்பாளராகச் சேர்த்து, நிறுவனத்துக்கு உரிமை மாற்றும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். மரியாதைக்கும் அதுதான் சரி, சட்டத்துக்கும் அதுதான் சரி.

கிளெய்ம் எழுதும்போது ஏஜண்ட் வேண்டுமென்றே முதல் கிளெய்மை அகலமாக வைத்தார்: ஒரு பெட்டி செயலிழந்தால் இன்னொரு பெட்டி தன் சுற்றை மாற்றிக்கொண்டு அதன் வேலையை ஏற்கும், அவ்வளவுதான். அதற்குக் கீழே படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே போனார். பத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு கிளெய்முக்கும் கூடுதல் கட்டணம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டார். கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். "பெஞ்சுல எடுத்த எல்லா டிரேஸ் படத்தையும் போடுங்க. இப்ப வேண்டாம்னு தோணுறதுதான் பின்னால காப்பாத்தும்." டிரேஸ் என்றால் சோதனை மேசையில் தடத்தில் ஓடிய செய்திகளை நேரவாரியாகப் பதிந்த படம். விண்ணப்பத்துக்குப் பிறகு புதிதாக எதையும் நுழைக்க முடியாது, 26ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. இந்த அறிவுரை இல்லாவிட்டால் எங்களுக்குக் காப்புரிமையே இல்லை.

மலேசியக் காப்புரிமை அலுவலகமான மைஐபிஓவின் இணையதளத்தில் விண்ணப்பம் போனது. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டிய அவசியமே வரவில்லை. படிவச் சரிபார்ப்பு முடிந்தது. 18 மாதக் கெடுவுக்குள் முழுப் பரிசோதனைக்கு மனுக் கொடுத்தோம். ஒரே விண்ணப்பத்தை வைத்துப் பல நாடுகளுக்குப் போக வழிசெய்யும் பிசிடி ஒப்பந்தத்தில் மலேசியா 2006-இல் சேர்ந்துவிட்டதால் அந்த வழியிலும் ஒரு சர்வதேச விண்ணப்பம் போட்டு வைத்தோம். அதன் தேடல் அறிக்கைதான் முதலில் வந்தது. ஒரு ஜப்பானிய ஆவணத்துக்கு எக்ஸ் குறி. அந்த ஒன்றே எங்கள் முதல் கிளெய்மைக் காலி செய்துவிடும் என்று பொருள். பின்னால் வந்த மலேசிய அறிக்கையிலும் அதே ஆவணம்தான் முன்னணியில் நின்றது.

பரிசோதகர் சொன்னதன் சாரம் இது. ஜப்பானிய ஆவணத்தில் மாற்றுப் பெட்டி இருக்கிறது, அது பழுதான பெட்டியின் வேலையை ஏற்கிறது. இன்னொரு ஆவணத்தில், எஃப்பிஜிஏவின் ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே மறு பகுதியை மட்டும் மாற்றும் முறை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்தத் துறை ஆளுக்குப் பெரிய யோசனை தேவையில்லை. மேலும், ஏற்றப்படும் சுற்று அசல்தானா என்று அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கிளெய்ம்கள் வேறு கண்டுபிடிப்பு, ஒரே விண்ணப்பத்தில் நிற்காது. "விரைவாக", "தேவைக்கேற்ப" போன்ற சொற்களுக்கு அளவு இல்லை. கடைசிக் கிளெய்ம் வெறும் நிரல், அது எடுபடாது.

எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான அறிக்கை அது. எழுதியவர் ஆவணங்களை உண்மையாகவே படித்திருக்கிறார். அண்ணன்தான் "நம்ம பெட்டி ஓடுது, அவங்களுது காகிதத்துல இருக்கு" என்று பொருமினார். ஓடுகிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. வித்தியாசம் எந்த இடத்தில் இருக்கிறது, அந்த வித்தியாசம் என்ன பலனைத் தருகிறது என்பதுதான் கேள்வி.

அதனால் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு பெஞ்சுக்குப் போனோம். மேசையில் பழைய பேருந்தின் வைப்பர் மோட்டார், விளக்கு ரிலே, டேஷ்போர்டு. ஜப்பானிய ஆவணத்தில் எழுதியிருந்ததை எழுதியபடியே செய்து பார்த்தோம். அசல் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியதும் ரிலே 'டக்' என்று விழுந்தது, வைப்பர் பாதி வளைவில் நின்றது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. கொஞ்ச நேரத்தில் மாற்றுப் பெட்டி விழித்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தி அனுப்பத் தொடங்கியது. ஆனால் டேஷ்போர்டு நம்பவில்லை, எச்சரிக்கை அணையவும் இல்லை. டிரேஸைப் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே கிடந்தது. 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த செய்தி நின்று, நடுவில் வெறும் பள்ளம். பள்ளத்துக்குப் பிறகு வந்த செய்திகளில் வரிசை எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தது. இப்போதைய இசியூக்கள் செய்தியோடு ஓடும் வரிசை எண்ணையும் சரிபார்ப்புத் தொகையையும் சோதிக்கும். எண் திடீரென்று குதித்தால், அனுப்புவது கோளாறான பெட்டி என்று முடிவுகட்டிவிடும்.

எங்கள் பெட்டியில் இந்தப் பள்ளம் இல்லை. எஃப்பிஜிஏவின் மாறாத சின்னப் பகுதி ஒன்று எந்நேரமும் தடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அசல் பெட்டி மௌனமாகி, வரவேண்டிய சில செய்திகள் தவறியதுமே, மற்றவை கோளாறு என்று முடிவெடுக்கும் முன்பே, அந்தச் சின்னப் பகுதி அதே அடையாள எண்ணில் பேசத் தொடங்கிவிடும். விட்ட இடத்திலிருந்து வரிசை எண்ணை ஏற்றி, சரிபார்ப்புத் தொகையைப் புதிதாகக் கணக்கிட்டு, பாதுகாப்பான மதிப்பை மட்டும் அனுப்பும்: முன்விளக்கு எரியட்டும், வைப்பர் ஓடட்டும். பெரிய சுற்று ஏறி முடிந்ததும் எண்ணை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதை நாங்கள் பேருந்துப் பட்டறையில் தொல்லை தாங்காமல் செய்த சில்லறை வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பெருமைப்பட்டதெல்லாம் சுற்றை மாற்றுவதைப் பற்றித்தான். காப்புரிமைக்கு உரியது மாறிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் நடப்பது என்று பரிசோதகரின் அறிக்கை காட்டிக்கொடுத்தது.

நல்லவேளையாக விவரக்குறிப்பில் அந்த டிரேஸ் படம் இருந்தது, வரிசை எண் தொடர்வதைப் பற்றி ஒரு பத்தியும் இருந்தது. ஏஜண்ட் அதை முதல் கிளெய்முக்குள் தூக்கிப்போட்டார். கையொப்பச் சரிபார்ப்புக் கிளெய்ம்களைப் பிரித்துத் தனி விண்ணப்பமாக்கினார். "விரைவாக" என்பதற்குப் பதில், பெறும் பெட்டியின் காத்திருப்பு நேரத்துக்கு முன் என்று எழுதினார். நிரல் கிளெய்மை வெட்டினார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதல் பதிலோடு முடியவில்லை. மாறாத பகுதி என்பது இரண்டாவது ஆவணத்திலேயே இருக்கிறதே, அதைச் செய்தி அனுப்ப வைப்பதில் என்ன புதுமை என்று பரிசோதகர் மறுபடி கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். இந்த முறை ஏஜண்ட் பேச நேரம் கேட்டு வாங்கினார். நானும் இணையவழியில் உட்கார்ந்தேன். வாதத்தைச் சட்டமொழியில் நீட்டாமல் ஒரே பக்கத்தில் இரண்டு டிரேஸை மேலும் கீழுமாக வைத்தோம். மேலே, இரண்டு ஆவணங்களையும் சேர்த்தால் கிடைப்பது: செய்தி வருகிறது, வரிசை எண் குதிக்கிறது, பெறுபவர் ஒதுக்கிவிடுகிறார். கீழே எங்களுடையது. வேறொரு பெட்டி அனுப்பிக்கொண்டிருந்த எண்ணை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்து அங்கிருந்து தொடரவேண்டும் என்று இரண்டு ஆவணங்களில் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது ஆவணம் வாகனத்தடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பரிசோதகர் கேட்ட கேள்விகள் பொறியாளர் கேட்கும் கேள்விகளாக இருந்தன: இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் பேசிவிட்டால்? அசல் பெட்டி திடீரென்று உயிர்த்தெழுந்தால்? பதில் விவரக்குறிப்பின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று காட்டினோம். இரண்டாவது கேள்விக்கான பதிலும் கிளெய்முக்குள் ஏறியது. இன்னும் கொஞ்சம் குறுகியது, ஆனால் நின்றது.

வேறு நாட்டில் கிடைக்கும்வரை காத்திருந்து, அதை வைத்து இங்கே சுருக்கப் பரிசோதனைக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போகலாம். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், கொரியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் வாங்கியிருந்தால் அந்த வழி உண்டு. ஆனால் கிளெய்ம் அங்கே கிடைத்த மாதிரியே இருக்க வேண்டும், அங்கே கிடைக்கும்வரை பொறுக்கவும் வேண்டும். எங்கள் பேருந்து வாடிக்கையாளர் பொறுக்கிற ரகம் இல்லை. புதுமை மட்டும் போதும் என்கிற பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழையும் யோசித்தோம். இந்தச் சரக்குக்கு அது போதாது என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

சான்றிதழ் வந்தாயிற்று. விண்ணப்ப நாளிலிருந்து 20 வருடம், வருடக் கட்டணத்தைத் தவறாமல் கட்டினால். கட்ட வேண்டிய தேதியை அண்ணன் போனிலும் என் போனிலும் ஏஜண்டின் அலுவலகத்திலும் குறித்தாயிற்று. பிரித்துப்போட்ட விண்ணப்பத்துக்கும் முதல் அறிக்கை வந்துவிட்டது. இந்த முறை எக்ஸ் குறி ஒரு கொரிய ஆவணத்துக்கு. மொழிபெயர்ப்பு அரைகுறையாக இருக்கிறது, மூன்றாம் படத்தில் கையொப்பத்தைச் சரிபார்ப்பது ஏற்றுவதற்கு முன்பா பின்பா என்று பிடிபடவில்லை. சனிக்கிழமை அண்ணன் வந்ததும் பெஞ்சில் செய்து பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.