கொப்பியோடு அன்னபூர்ணா அடிவாரம் வரை

நேபாளத்தில் அன்னபூர்ணா மலையின் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு வந்திருக்கிறேன். முதலில் அங்கே எங்களை ஏற்றிய ஜீப்காரரைப் பற்றி எழுதி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மலையைப் பற்றி நிம்மதியாக எழுத வராது. பொக்கராவில் இருந்து காந்துருக் பக்கம் போக ஆறு பேருக்கு 8,000 நேபாள ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பாதை உடைந்திருக்கிறது, 11,000 தந்தால்தான் மேலே போவேன் என்றார். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் சேறு. இறங்கி எங்கே போவது? கொடுத்தோம். அவர்களுடைய ஒரு ரூபாய் எங்கள் இலங்கைக் காசில் இரண்டு ரூபாய்க்கும் மேலே, அதனால் எதற்குக் காசு எடுத்தாலும் எனக்கு மனதுக்குள் பெருக்கல் கணக்குத்தான் ஓடும். போகிறவர்கள் விலையை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள். காத்மண்டு–பொக்கரா பஸ்ஸும் மோசம். 200 கிலோமீற்றர்தான், வீதி வேலை நடப்பதால் பத்து மணித்தியாலம் தூசி தின்றோம்.

சரி, ஏன் போனேன்? லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர்கள், அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடந்து காசு சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். முல்லைத்தீவு, மன்னார் பக்கமிருந்து இங்கே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்கு வருகிறவர்களின் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் அந்தக் காசு. ஊரில் இருந்து மூன்று பேர் சேர்ந்தோம்.

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் இருந்து காசு சேர்க்கத் தொடங்கினேன். சந்திக் கடை ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார், "பிள்ளை, நீங்கள் வெளிநாடு சுத்திப் பார்க்க நாங்கள் ஏன் காசு தரவேணும்?"

கேட்க வேண்டிய கேள்விதான். இப்படியான நடைகள் பலவற்றில், குறிப்பிட்ட தொகை சேர்த்துக் கொடுத்தால் உங்கள் பயணச் செலவை அதிலிருந்தே கழித்துவிடுவார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. தருகிறவர் நோயாளிக்கென்றுதான் தருகிறார், என் பிளேன் ரிக்கற்றுக்கு இல்லை. "ஒரு சதமும் என்ரை செலவுக்குப் போகாது ஐயா, நான் சீட்டுக் காசிலை போறன்" என்றேன். அப்புறம் அவரே பழைய கதை ஒன்றை எடுத்தார். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்து காசு திரட்டினார்களே, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை அந்தக் காசில் எழுந்ததுதானே. அவர்கள் போன அன்று வீதியில் நின்று தண்ணீர்ப் போத்தல் கொடுத்தாராம். 500 ரூபாய் தந்து, பெயரை வடிவாக எழுதச் சொன்னார். மீன் சந்தையில் ஒரு அம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்து 100 ரூபாய் தந்தார். இப்படி 163 பெயர், 412,350 ரூபாய்.

பயிற்சிக்குத்தான் பட்ட பாடு. எங்கள் குடாநாட்டில் ஏறிப் பழக ஒரு மேடு இல்லை, கீரிமலைக்குப் பெயரில்தான் மலை. ஆறு மாதம் விடியப்புறம் கோட்டை மதிலில் ஏறி இறங்கி, பண்ணைப் பாலத்தால் முதுகில் பத்துக் கிலோ அரிசியோடு நடந்தேன். அது நன்றாகவே கைகொடுத்தது.

காசுக் கவலை உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: சார்க் (தெற்காசிய) நாட்டவர் என்பதால் வருடத்தின் முதல் 30 நாள் விசா எங்களுக்கு இலவசம், அன்னபூர்ணாப் பகுதி அனுமதிச் சீட்டும் 1,000 நேபாள ரூபாய்தான். லண்டன்காரர் 3,000 கட்டினார்கள்.

சொம்ரொங்கில் இருந்து ஆற்றுக்கு இறங்கி, திரும்ப சினுவாவுக்கு ஏறும் கற்படிகளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்கள் வழிகாட்டித் தம்பி "பிஸ்தாரே, திதி, பிஸ்தாரே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மெல்ல மெல்ல அக்கா என்று அர்த்தம். சாமான் சுமக்கும் பொடியன், நெற்றியில் பட்டியை மாட்டி இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனான், காலில் சாதாரண செருப்பு. அந்தப் பைகளில் ஒன்றில் தலைமயிர் காயவைக்கும் மெஷின் இருந்தது எனக்குத் தெரியும். தர்மத்துக்கு நடக்க வந்த இடத்தில் இன்னொரு பிள்ளையின் கழுத்தில் அதை ஏற்றுவது பெரிய பிழை. அன்றிரவு நேரேயே சொன்னேன். ஒரு அன்ரி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, ஆனால் மெஷின் சினுவாவிலேயே நின்றுவிட்டது.

சாப்பாடு! தால் பாத், தால் பாத், தால் பாத். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்குக் கறி, ஊறுகாய், ஒரு அப்பளம். முடிய முடியத் திரும்பப் போடுவார்கள், அதற்குக் காசு இல்லை. பிற்சா, நூடில்ஸ் என்று தேடியவர்கள் கூடக் காசு கொடுத்தும் அரைவயிறோடுதான் படுத்தார்கள். சினுவாவுக்கு மேலே இறைச்சி இல்லை, அது தெய்வங்களின் இடம் என்கிறார்கள். உயரம் கூடக் கூட விலையும் கூடும், சுடுதண்ணீர், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் காசு. முதலில் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மேலே விறகு எரிக்கத் தடை, எரிவாயு சிலிண்டரை ஒரு மனிதர் முதுகில் கட்டிக்கொண்டு படியேறுவதைக் கண்ட பிறகு விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தெவ்ராலியில், 3,200 மீற்றரில், மழை பிடித்தது. தலை இடித்தது, உள்ளிச் சூப் குடித்தேன். பிறகு பையைத் திறந்தால் கொப்பி நனைந்து கிடக்கிறது. நீல மை ஊறி, மீன்கார அம்மாவின் பெயரில் பாதி பக்கத்து வரியில் ஓடியிருந்தது. அழுகையே வந்துவிட்டது. குசினியில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் கொப்பியை வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பிடித்தாள். நான் அழிந்த பெயர்களை நினைவில் இருந்து திரும்ப எழுதினேன். ஒன்பது பெயர். ஒன்றும் விடுபடவில்லை.

அடுத்த நாள் 4,130 மீற்றரில் அடிவார முகாம். மறுநாள் விடியற்காலை முதல் வெயில் அன்னபூர்ணா-1 மலையின் உச்சியில், 8,091 மீற்றரில், பட்டுக் கீழே இறங்கிக்கொண்டு வந்தது. பின்னால் மச்சாபுச்ரே, மீன்வால் என்று அர்த்தம், உண்மையாகவே பாரை மீனின் வால் போல இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அதில் ஏற யாருக்கும் அனுமதி கிடையாது. விரல் விறைக்க விறைக்க 163 பெயரையும் வாய்விட்டு வாசித்தேன். கதைக்காமல் இருந்த அன்ரி பக்கத்தில் வந்து ரோர்ச் பிடித்தார்.

வந்து நான்கு நாள், முழங்கால் இன்னும் மடங்கவில்லை. நேற்று வாசிகசாலைப் பலகையில் இரண்டு தாள் ஒட்டினேன். ஒன்றில் சேர்த்த காசும் அது போய்ச் சேர்ந்த விபரமும், மற்றதில் என் சொந்தச் செலவு, ஜீப்புக்கு மேலதிகமாகக் கொடுத்த என் பங்கு 500 உட்பட. கடை ஐயா வந்து, கண்ணாடி போட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். கடைசியில் திரும்பி, "சுடுதண்ணி ஒரு போத்தலுக்கு 450 ரூபாயோ, பிள்ளை?" என்றார்.

ஓம் ஐயா என்றேன்.