கிரியேட்டினின் 0.8, ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை

ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 0.8, இயல்பான அளவு. இந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை என்றே பல ஆண்டுகள் என்னிடம் சொல்லி வந்தார்கள். தீராத அசதிக்கும் எலும்பு வலிக்கும் வயதைக் காரணம் காட்டினார்கள். அவ்வப்போது வந்த சிறுநீரகக் கல்லுக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். ஒருநாள் விடியற்காலையில் கால்களை அசைக்க முடியவில்லை. கழுத்தும் நிமிரவில்லை. பக்கவாதம் என்று பயந்து, வீட்டார் அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றார்கள்.

தசை இயங்கத் தேவையான பொட்டாசியம் ரத்தத்தில் 2.1 என்று வந்தது. 3.5க்குக் குறையக் கூடாது. இதயத் துடிப்பைத் திரையில் கவனித்தபடியே மெல்ல மெல்ல ஏற்றினார்கள். கால்களுக்கு உயிர் வந்தது. அத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அன்று பார்க்க வந்த சிறுநீரக மருத்துவர்தான் விடவில்லை. "பொட்டாசியம் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் உங்களை அனுப்ப மாட்டேன் அம்மா" என்றார். அந்தப் பிடிவாதத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்தார்கள், நன்றாகவே வலித்தது. பி.எச். (அமில-கார அளவு, குறைந்தால் அமிலம் கூடுதல்) 7.29, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் 13, சோடியம் 139, குளோரைடு 115. ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்: சோடியத்திலிருந்து பைகார்பனேட்டையும் குளோரைடையும் கழித்தால் 11. ரத்தம் அமிலமாகியும் இந்த இடைவெளி இயல்பாகவே இருந்ததால், சர்க்கரை நோயில் சேரும் கீட்டோன் போன்ற வேற்று அமிலம் எதுவும் சேரவில்லை. வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் வெளியேறியிருக்கலாம். எனக்கு அது இல்லை. மிஞ்சியது சிறுநீரகம்.

சிறுநீர்ப் பரிசோதனைதான் விடை சொன்னது. ரத்தத்தில் இவ்வளவு அமிலம் இருந்தால், சிறுநீரின் பி.எச். 5.5க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எனக்கு 6.8. சிறுநீரை எடுத்து நேரமாகிவிட்டாலோ கிருமித் தொற்று இருந்தாலோ இந்த அளவு பொய்யாக ஏறும் என்பதால், புதிதாக எடுத்து மறுபடி பார்த்தார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையிலும் கிருமி இல்லை. சிறுநீரின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழித்தால் 30 மிஞ்சியது. அமிலத்தைச் சுமந்து செல்லும் அம்மோனியம் போதிய அளவு வெளியேறவில்லை என்பதற்கு அது அடையாளம். சிறுநீரில் சர்க்கரை இல்லை, ரத்தத்தில் பாஸ்பேட்டும் குறையவில்லை. எனவே அவற்றை மீட்டெடுக்கும் சிறுநீரக நுண்குழலின் தொடக்கப் பகுதி பழுதில்லை. கோளாறு அதன் கடைசிப் பகுதியில். டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் என்று கோப்பில் எழுதினார்; கடைசிப் பகுதி அமிலத்தை வெளியேற்றாததால் ரத்தம் அமிலமாகும் நோய் அது. வடிகட்டி நன்றாக இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் குழாய்தான் கெட்டிருக்கிறது, பொட்டாசியமும் அதன் வழியாகத்தான் போகிறது என்று அவர் சொன்னபோதுதான் அந்த 0.8 எனக்கு விளங்கியது. கிரியேட்டினின் வடிகட்டும் திறனை மட்டுமே காட்டும்.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களிலும் சுண்ணாம்புப் படிவு தெரிந்தது. ரத்தத்தில் தங்கிய அமிலத்தைத் தணிக்க எலும்பு கரைகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்குகிறது. கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டோ குறைந்துவிடுகிறது. தனித்தனியாக மருந்து வாங்கிக்கொண்டிருந்த என் நோய்கள் எல்லாம் ஒரே நோய்!

பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "சோறு விழுங்க இடையிடையே தண்ணீர் வேண்டியிருக்கிறதா?" ஆமாம், வெகுநாளாக. கண்ணிலும் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். கீழ் இமையில் தாள் செருகிக் கண்ணீரை அளந்தார்கள். ஐந்து நிமிடத்தில் 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை. ரத்தத்தில் ஆன்டி-ரோ எதிர்ப்பொருளும் இருந்தது. உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் ஷோகிரென் நோய், நுண்குழலையும் தொட்டிருந்தது.

முதலில் பொட்டாசியத்தை உயர்த்திவிட்டுத்தான் அமிலத்தை முறிக்கும் கார மருந்து கொடுத்தார்கள். மாற்றிச் செய்தால் பொட்டாசியம் இன்னும் சரியும். இப்போது பொட்டாசியம் சிட்ரேட் திரவத்தைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன், சோடியம் பைகார்பனேட் மாத்திரையும் உண்டு. ஷோகிரென் நோய்க்கு வாதநோய் மருத்துவரைப் பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது பைகார்பனேட் 23, பொட்டாசியம் 4. எலும்பு வலி விட்டுவிட்டது. படிந்த சுண்ணாம்பு கரையாது என்றார்கள். கூடாமல் இருக்கிறதா என்று பார்க்க அடுத்த ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.