பமீலாவின் பொம்மை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆன்லைன் கேமில் கிளைக்கதைகளை விட்டுவிட்டு உச்சமான 60ஆவது லெவலுக்கு ஓடுகிறவர்கள், டாரோஷைர் என்ற அழிந்த ஊர்ப் பக்கம் ஒருமுறை நின்று போங்கள். இடிந்த வீட்டுக்குள் பமீலா என்ற சிறுமியின் ஆவி. தொலைந்த பொம்மையைத்தான் முதலில் கேட்கிறாள். தலை ஓரிடம், இடப்பாகம் ஓரிடம், வலப்பாகம் ஓரிடமாக ஊருக்குள் கிடக்கும். மூன்றையும் பொருத்திக் கொடுத்தேன். அப்புறம் அவள் உறவுக்காரர்களைத் தேடி அலைந்து, ஊரை அழித்த பழைய போரை மறுபடி நடத்தி, கடைசியில் அவள் அப்பாவின் ஆவியை மீட்டோம். அவளிடம் அவர் திரும்பி வந்தபோது கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது.

40 பேர் சேர்ந்து ரக்னராஸ் என்ற பெரிய எதிரியை வீழ்த்திய இரவு பெரிய சந்தோஷம்தான். ஆனால் அன்று யார் யார் இருந்தோம் என்பதுகூட மறந்துபோச்சு. அந்தப் பொம்மையின் தலை எங்கே கிடந்தது என்று இப்போதும் சொல்வேன்.