வெள்ளைப் பெட்டியும் பச்சை விளக்கும்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரியும் எனக்கு, இந்த வாரம் மீண்டும் கட்டாயப் பயிற்சி: மருத்துவக் கழிவைக் கையாள்வது, உயிர்காப்பு முதலுதவி இரண்டிலும். இரவுப் பணி முடித்து நேராக வகுப்புக்குப் போக நேர்ந்ததில் சலிப்பு இல்லை என்று சொன்னால் அது பொய்.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, பணியில் சேரும்போதும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும், ஊழியர் அனைவருக்கும் பயிற்சி தரவேண்டும் என்கின்றன. அந்த ‘அனைவருக்கும்’ என்ற சொல்தான் முக்கியம். பயன்படுத்திய ஊசி, துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போகாமல் மஞ்சள் பைக்குள் போய்விட்டால், குத்துப்படுபவர் பெரும்பாலும் அதைப் போட்டவர் அல்லர். பையைத் தூக்கிச் செல்லும் துப்புரவுப் பணியாளரே. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளை ஊழியர்களுக்குப் போடவும் அதே விதிகள் சொல்கின்றன. ஆனால் நான் முன்பு வேலைபார்த்த ஓரிடத்தில், வகுப்பே நடக்காமல் வருகைப் பதிவேடு மட்டும் கையெழுத்துக்குச் சுற்றிவந்தது. ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர்கள் அதில்கூட இல்லை.

திறனைக் கையெழுத்தால் அளக்க முடியாது என்பதை இம்முறை சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சிக்கான பொம்மை எனக்கே காட்டியது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும் என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். இருந்தும் ஒரு நிமிடம் கடப்பதற்குள், சரியாக அழுத்தும்வரை பொம்மையில் எரியும் பச்சை விளக்கு அணைந்துவிட்டது.

“முழங்கை மடங்குது, அக்கா,” என்றாள், பணியில் சேர்ந்து மூன்றே மாதமான பெண். கையை நிமிர்த்திக்கொண்டு மறுபடி தொடங்கினேன்.