ஏஐயில் தமிழுக்குக் கட்டண மீட்டர் ஏன் வேகமாக ஓடுகிறது?

'வணக்கம்' நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினிக்கு 7 குறியீடுகள், ஏனென்றால் புள்ளிக்குத் தனிக் கணக்கு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21. ஆங்கில 'hello' 5 பைட்டில் முடிந்துவிடும்.

இதோடு போனால் பரவாயில்லை. ஏஐ மாதிரிகள் உரையை டோக்கன் எனும் துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. பயிற்சி உரையில் அடிக்கடி சேர்ந்து வரும் துண்டுகளே ஒரே டோக்கனாக ஒட்டப்படும். அந்த உரையில் ஆங்கிலமே மிகுதி என்பதால் தமிழ்ச் சொற்கள் பொடிப்பொடியாகச் சிதறும். கட்டணமோ டோக்கன் கணக்கில், அதுவும் டாலரில். பதிலும் தாமதமாகும்; நீண்ட ஆவணம் மாதிரியின் டோக்கன் வரம்புக்குள் இடம் போதாமல் பாதியிலேயே நிற்கும்.

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற ஏஐ மாதிரி வந்தபோது, அதை உருவாக்கிய ஓபன்ஏஐ தந்த எடுத்துக்காட்டில், ஒரே செய்தி தமிழில் 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் 27 என்பது 24 ஆனது. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இன்னும் நம் தலையில்.

செயலி எழுதுவோர் நிலையான கட்டளைகளை ஆங்கிலத்தில் வைக்கலாம். உரையை அனுப்புமுன் என்எஃப்சி (உடைந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) வடிவுக்கு மாற்றுங்கள்: 'கொ'வின் உயிர்க்குறி சில கோப்புகளில் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாக உடைந்திருக்கும். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையில் இது சகஜம். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் நீக்கிவிடுங்கள். பதில் தமிழில் வேண்டுமென்றால் அந்தச் செலவுக்குத் தப்ப வழியில்லை.